ஏழாவது பாட்டு

வரிசையில் அவளுக்கு முன்னால் முப்பத்தொரு பேர் இருந்தார்கள், எண்ணிவிட்டாள், எண்ணாமல் பிலோமினாவால் எந்த வரிசையிலும் நிற்க முடியாது, ஆளுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தால் அரை மணி நேரத்தில் மேஜைக்குப் போய்விடலாம், ஆனால் தண்டபாணி அண்ணன் ஒவ்வொருவரிடமும் எந்த ஊரு, எந்தக் கச்சேரிக்கு வந்தீங்க என்று கேட்டுக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார், அப்படியானால் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம், நல்லதுதான், கேட்க வேண்டியதை இன்னொரு தடவை சரிபார்த்துக்கொள்ளலாம். தில்லைநகரில் அந்தப் புத்தகக் கடையின் மாடியில் இவ்வளவு கூட்டத்துக்கு ஏசி போதவில்லை, நாலரை மணி வெயில் ஜன்னல் கண்ணாடி வழியாக வந்து தோள்பட்டையில் உட்கார்ந்திருந்தது, யாரோ சமோசா தின்ற வாசனை, பின்னால் ஒருத்தர் 'மின்தடை' இசைக்குழுவின் இரண்டாவது கேசட்டில் பி சைடு முதல் பாட்டு எது என்று தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தார், திரும்பித் திருத்தலாம், வேண்டாம், இன்றைக்கு வந்த வேலை வேறு. கையில் புத்தகம், 'நாலு தந்தி'. அட்டையில் பாஸ் கிட்டாரும் அதைப் பிடித்த கையும் மட்டும்தான், முகம் இல்லை. பதிமூன்று வருஷம் பாடகர் கிளமென்ட்டின் முதுகுக்குப் பின்னால் நின்று வாசித்த மனுஷன் சொந்தக் கதையின் அட்டையிலும் முகத்தைக் காட்டவில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர், ஓய்வு பெற்றுவிட்டார், மீசை நரைத்துவிட்டது. பிலோமினாவின் ஆள்காட்டி விரல் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் செருகியே இருந்தது, மூன்று வாரமாக அந்தப் புத்தகம் அந்த இடத்தில்தான் தானாகத் திறக்கிறது.

அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்பது அவளுக்கு மனப்பாடம். 'மழைக்கு முன்னால' என்றொரு பாட்டை நாங்கள் எழுதினோம், ஒத்திகையும் பார்த்தோம், ஆனால் ஒரு மேடையில்கூடப் பாடவில்லை. புதுக்கோட்டையில் அன்று ஆறு பாட்டு முடிந்ததும் ஜெனரேட்டர் மக்கர் செய்தது, கொஞ்ச நேரம் கழித்து மிச்சமிருந்த நாலு பாட்டையும் பாடி முடித்தோம். நாலும் ஆறும் பத்து. அவள் நோட்டில் பதினொன்று. 2003 டிசம்பர் 14, ஞாயிறு, புதுக்கோட்டை, கல்யாண மண்டபம், ஆறு இருபதுக்கு ஆரம்பம், ஏழாவது வரியில் நீல மையில் 'மழைக்கு முன்னால, புதுசு, பாடியது தண்டபாணி', அதற்கு அடுத்த வரியில் எட்டாவது பாட்டுக்கு எதிரே 'கிளமென்ட் உட்கார்ந்து பாடினார்'. எழுதியது வீட்டுக்கு வந்தல்ல, அங்கேயே, பாட்டு நடக்கும்போதே, மடியில் வைத்து. ஜெனரேட்டர் ஒன்றும் மக்கர் செய்யவில்லை, செய்திருந்தால் அதையும் எழுதியிருப்பாள், எந்தக் கச்சேரியில் மைக் கத்தியது, எதில் டிரம்ஸ் குச்சி உடைந்தது என்றுகூட அந்த நோட்டில் இருக்கிறது, அறுபத்தொரு கச்சேரி, அறுபத்தொரு லிஸ்ட். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக ஊசி பிடிக்கிற கை அது. குழாயில் பேரும் வயசும் நேரமும் எழுதி ஒட்டாமல் அடுத்த ஆளின் கையைத் தொடாது, ஒரு நிமிஷம் தள்ளிப் போட்டால் யார் ரத்தம் யாருடையது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் அவள் சொல்வாள், அவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு எழுதுவார்கள். எழுதினவள் ஒருத்தி, இருபத்திரண்டு வருஷம் கழித்து யோசித்துப் பார்த்துச் சொல்கிறவர் ஒருத்தர், இதில் யாரை நம்புவது என்று ஒரு கேள்வி வரலாமா.

வந்தது. ரசிகர்களின் வாட்ஸாப் குழுவுக்கு 'கரண்ட் வந்தாச்சு' என்று பெயர், நூற்றி நாற்பது பேர், புத்தகம் வந்த நாளிலிருந்து வேறு பேச்சே இல்லை, எந்த அத்தியாயம் யாரை அழ வைத்தது, திருச்சிக்கு அப்புறம் மதுரையிலும் விழா உண்டா, விழாவில் பழைய ஆட்கள் சேர்ந்து வாசிப்பார்களா, வாசித்தால் எதில் ஆரம்பிப்பார்கள். அதற்கு நடுவில் அவள் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டாள். வாசித்தவரே இல்லை என்கிறார், நீங்கள் இருக்கு என்கிறீர்கள் என்று ஒருத்தன் எழுதினான், தண்டபாணி மேடையில் வாயைத் திறந்து யார் பார்த்தது என்று இன்னொருத்தன், சிரித்து அழுகிற பொம்மைகள் வரிசையாக. இப்போது அவளுக்கு நேர் முன்னால் நிற்கிற ரகோத்தமன்தான் குழுவை நடத்துகிறவர், வங்கியில் வேலை, 'மின்தடை' என்று மார்பில் எழுதிய பழைய பனியனைத் தொப்பைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு திரும்பினார்.

"நெஜமாவே கேக்கப் போறீங்களா, பிலோ மேடம்?"

"ஏன், கேக்கக் கூடாதா?"

"கூடாதுன்னு இல்ல. அவரு மனசு நோகாம கேளுங்க. ஆயிரம் கச்சேரி பண்ணவரு, ஒண்ணு ரெண்டு மறக்கும்ல?"

"மறந்துட்டேன்னு அவரு சொல்லட்டும். நான் போயிடறேன்."

"இல்ல, நீங்க மறந்திருந்தா?"

"நான் மறக்க மாட்டேன், சார். அதுக்குத்தான எழுதுறேன்."

அவர் திரும்பிக்கொண்டார், வரிசை ஓர் அடி நகர்ந்தது, இன்னும் இருபத்தாறு பேர். சத்தமாகச் சொல்லிவிட்டோமோ, சொன்னால் என்ன, சரியானதை மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று எங்கே இருக்கிறது. ஆனால் இந்த ரகோத்தமனோ சிரிக்கிற பொம்மைகளோ அவளை ஒன்றும் செய்யவில்லை, செய்தது கல்லூரித் தோழி ஷம்ஷாத். நூற்றி நாற்பது பேரில் அன்றைக்குப் புதுக்கோட்டையில் இருந்தது இரண்டே பேர், அவளும் ஷம்ஷாத்தும், குழுவே வாயைப் பொத்திக்கொண்டு ஷம்ஷாத் என்ன சொல்வாள் என்று காத்திருந்தது, பிலோமினாவும் காத்திருந்தாள், ஜெயித்துவிட்ட தெம்போடு டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து காத்திருந்தாள், ஓசூரில் இருக்கிற ஷம்ஷாத்திடமிருந்து ஒரு வரி வந்தது. 'அதாவது பிலோ, அப்படி ஒரு பாட்டு கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.' அதாவது. ஷம்ஷாத்துக்கு அது மூச்சு மாதிரி, அதாவது போடாமல் அவளுக்கு ஒரு வாக்கியமும் தொடங்காது, கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் அதாவதை எண்ணி அவளிடம் பதினேழு என்று சொன்னார். அந்த அதாவதுக்குப் பின்னால் இப்படியொரு வரி வரும் என்று யார் நினைத்தது. கம்ப்யூட்டர் கிளாஸ் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டு மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் போனார்கள், ஜன்னல் பக்கம் ஷம்ஷாத், கீரனூர் தாண்டும்போது பிஸ்கட் கலர் துப்பட்டா வெளியே பறந்து போகப் பார்த்தது, பிலோமினாதான் எட்டிப் பிடித்தாள். மண்டபத்தில் மூன்றாவது வரிசை. அந்தப் பாட்டு வந்தபோது ஷம்ஷாத் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், இறுக்கமாக, ஷம்ஷாத்தின் கை சில்லென்று ஈரமாக இருந்தது, டிசம்பர் மாசத்தில் இப்படி வேர்க்கிறதே என்று நினைத்தது அப்படியே இருக்கிறது, தோலில் இருக்கிறது. மணிக்கட்டைப் பிடித்தவள் பாட்டே இல்லை என்கிறாள். மூன்று வாரமாக அவளிடம் பேசவில்லை, அவள் கூப்பிட்டாள், இவள் எடுக்கவில்லை, இன்று காலையிலும் கூப்பிட்டாள்.

இருபது. கால் மாற்றி நின்றாள். போன மாசம் மூன்று குழாய்களில் முந்தின நாள் தேதியை எழுதிவிட்டாள். டாக்டர்தான் பார்த்துச் சொன்னார், உங்களுக்கே இப்படியா என்று சிரித்தார், சின்ன விஷயம், உடனே திருத்தியாயிற்று, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எழுதும்போது கை தயங்கவே இல்லையே, அந்தத் தப்பான தேதியை அவள் கை எவ்வளவு திடமாக எழுதியிருந்தது, மற்ற எல்லாவற்றையும் எழுதுகிற அதே திடத்தோடு. அதைத்தான் நினைக்கக் கூடாது. ஏழாவது வரி தப்பு என்றால் எட்டாவது வரி, எட்டாவது போனால் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அறுபத்தொரு கச்சேரியும், கல்யாணத்துக்கு முன்னால் அவள் தன் இஷ்டத்துக்கு வாழ்ந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமையும். சே. புத்தகத்தில் அந்தப் பாட்டின் முதல் வரி மட்டும்தான் இருக்கிறது, 'மழைக்கு முன்னால வீட்டுக்கு வா'. இரண்டாவது வரி எங்கேயும் இல்லை, எந்தக் கேசட்டிலும் இல்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். ஒத்திகைக்கு அவள் ஒருநாளும் போனதில்லை. கேட்காத பாட்டின் இரண்டாவது வரி ஒருத்திக்கு எப்படித் தெரியும். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிடும், மூன்று வாரமாக இப்படித்தான், சுற்றிச் சுற்றி வந்து இங்கே உட்காரும், பிறகு ஷம்ஷாத் ஞாபகம் வந்து எழுந்துவிடும்.

முன்வரிசை நாற்காலியில் கிளமென்ட்டின் மகள் ரெனிட்டா இன்னும் உட்கார்ந்திருந்தாள், முதல் பிரதியை வாங்கிக்கொண்டவள், இருபத்திரண்டு வயசு, அப்பாவின் அதே அகலமான நெற்றி. கிளமென்ட் போய் ஐந்து வருஷம் ஆகிறது. விழாவில் அவளைத்தான் படிக்கச் சொன்னார்கள், தொண்ணூறாம் பக்கம், 'என் நண்பன் குடிப்பவன் என்பதை ஊரே அறியும். மகளின் ஞானஸ்நானத்தன்று பீடத்தின் முன்னால் நின்று சத்தியம் செய்தான். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொட்டதில்லை.' அந்தப் பெண் குரல் நடுங்காமல் படித்தாள், அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள், யாரும் கேட்காமலே, கூட்டம் கைதட்டியது, பிலோமினாவும் தட்டினாள். நல்ல பெண். அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு வரி அச்சில் கிடைத்திருக்கிறது. பதினான்கு. ஒன்பது. முன்னால் ரகோத்தமன் தண்டபாணியோடு படம் எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் அவளைப் பார்த்து, மெதுவா, என்று கையால் சைகை காட்டிவிட்டுப் போனார்.

"வாம்மா. பேரு?"

"பிலோமினா. அண்ணே, நான் ஒண்ணு கேக்கணும். நூத்திப் பதினெட்டாம் பக்கம்."

அவர் தூக்கின பேனாவை அப்படியே நிறுத்திக்கொண்டார். அவள் சொன்னாள், தேதி, மண்டபம், மூன்றாவது வரிசை, ஏழாவது பாட்டு, ஒத்திகை பார்த்த மாதிரியே ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது, சண்டை போடுகிற குரலில்லை, பரிசோதனை முடிவைப் படிக்கிற குரல்.

"மேடையில பாடலன்னு எழுதியிருக்கேனேம்மா."

"பாடினீங்க. கிளமென்ட் அண்ணன் இல்ல, நீங்க. 'மழைக்கு முன்னால வீட்டுக்கு வா, மத்தத அப்புறம் பேசிக்கலாம்.'"

அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் பார்த்தாள், தினம் பார்க்கிற முகம் அது, ஊசியைக் கண்டதும் மனிதர்களுக்கு வருகிற முகம். அவர் முன்வரிசையைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "கை வலிக்குதுப்பா, ரெண்டு நிமிஷம், ஒரு டீ" என்று சொல்லிவிட்டு எழுந்து, அவளை ஜன்னல் பக்கம் வரச் சொன்னார்.

"அந்த ரெண்டாவது வரிய நானே மறந்துட்டேன்" என்றார். "நீ சொல்றதுதான் சரி."

சரி. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தாள், வந்துவிட்டது, இவ்வளவு சீக்கிரம் வரும் என்று தெரிந்திருந்தால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று யோசித்து வந்திருக்கலாம். அப்புறம் ஏண்ணே இல்லன்னு எழுதினீங்க என்று கேட்டாள், கேட்கும்போதே ரெனிட்டா இரண்டு தடவை படித்த வரி காதில் விழுந்தது, பாதிக் கேள்வியில் குரல் தானாகத் தணிந்தது.

"ஞானஸ்நானம் முடிஞ்சு பதினஞ்சாம் நாள் அது" என்றார் தண்டபாணி. "ஆறு பாட்டு வரைக்கும் தாக்குப் பிடிச்சான். அப்புறம் பின்பக்கமாப் போயி வேன்ல சாஞ்சுட்டான். மைக் சும்மா நிக்குது, ஜனம் கத்துது. எனக்குத் தெரிஞ்ச பாட்டு அது ஒண்ணுதான், நான் எழுதினது. பாடிட்டேன். அன்னைக்கு அப்புறம் அவன் தொடலம்மா, சாகற வரைக்கும் தொடல, அது சத்தியம். ஞானஸ்நானத்துக்கு அப்புறம்னு எழுதினேன். பதினஞ்சு நாள் பொய். அந்தப் பாட்டப் பாடினோம்னு எழுதினா யாரு பாடினது, அவன் எங்க போனான்னு கேப்பாங்கல்ல? பாட்டையே எடுத்துட்டேன்."

அவள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். தெருவில் யாரோ ஆட்டோவைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொண்ணு. அதையும் எழுத முடியல. நான் பாடிட்டு இருந்தப்ப அவன்கிட்ட ஒரு பொண்ணு இருந்திருக்கு. தண்ணிக் குழாய்க்கு வந்த பொண்ணாம். இவன் கெடந்த கெடப்பப் பாத்து, மூஞ்சியக் கழுவிவிட்டு, வேன் படியில பக்கத்துல உக்காந்துருக்கு. பயப்படல, திட்டல. 'அதாவது அண்ணே, ஒங்க பாப்பா பேரு என்ன'ன்னு கேட்டுச்சாம். பேரு சொல்லச் சொல்லி, சொல்லச் சொல்லி, அழுது முடிச்சு எந்திரிச்சு வந்தான். கடைசி வரைக்கும் சொல்லுவான், அந்த அதாவது பொண்ணுன்னு. யாருன்னே தெரியல. நீ அங்க இருந்தியே, பிஸ்கட் கலர் துப்பட்டா போட்ட பொண்ணு, பாத்தியா? பேரு தெரியுமா?"

மூன்றாவது வரிசை. மடியில் நோட்டு. ஏழாவது வரி, நீல மை, தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள், புதுசு என்று எழுதுகிறாள், பாடியது தண்டபாணி என்று எழுதுகிறாள், பக்கத்து நாற்காலியை இப்போது முதல் தடவையாகத் திரும்பிப் பார்க்கிறாள், காலி. தண்ணி குடிச்சிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள், சரி என்று தலையைத் தூக்காமலே இவள் சொல்லியிருப்பாள். எட்டாவது பாட்டில் திரும்பி வந்து மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். ஈரம். வேர்வை இல்லை, குழாய்த் தண்ணி, ஒரு மனுஷன் முகத்தைக் கழுவிய கை. பாட்டை எழுதினாள், பாடியவர் பேரை எழுதினாள், உட்கார்ந்து பாடினார் என்றுகூட எழுதினாள், ஷம்ஷாத் இல்லை என்பதை எழுதவில்லை. பிறகு இருபத்திரண்டு வருஷமாக அவளை அந்த நாற்காலியில் இவளே உட்கார வைத்து, இவளே மணிக்கட்டைப் பிடிக்க வைத்து, அதையே சாட்சியாகவும் கூப்பிட்டிருக்கிறாள். ஷம்ஷாத் பொய் சொல்லவில்லை. கேட்ட ஞாபகம் இல்லை என்றாள், கேட்காததை எப்படி ஞாபகம் வைப்பாள். பாடவே இல்லை என்றா சொன்னாள், இல்லையே, ஒவ்வொரு வார்த்தையும் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

தண்டபாணி காத்துக்கொண்டிருந்தார். பேர் நாக்கின் நுனிவரைக்கும் வந்தது. தெரிந்ததைக் கேட்டால் சொல்லாமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை.

"தெரியாதுண்ணே" என்றாள்.

"பரவால்ல. நல்லா இருக்கட்டும்." அவர் புத்தகத்தை வாங்கி ஜன்னல் விளிம்பிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். "நீ உன் குழுவுல எழுதறதுன்னா எழுதிக்கம்மா. உண்மை உன் பக்கம் இருக்கு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"பதினஞ்சு நாளுதானண்ணே" என்றாள் பிலோமினா. "ஜெனரேட்டர் மக்கர் பண்ணுச்சு. போங்க, டீ ஆறுது."

படி இறங்கும்போது கைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, குழுதான், கேட்டாச்சா, என்ன சொன்னார், மேடம் எங்கே, ரகோத்தமன் தனியாக வேறு. தெருவுக்கு வந்து ஜூஸ் கடை நிழலில் நின்று, 'புத்தகத்தில் இருப்பதே இருக்கட்டும், என் நோட்டில் அந்த வரியை அடைப்புக்குள் போட்டுவிடுகிறேன்' என்று எழுதி அனுப்பினாள், மூன்று வாரமாக எதிர்பார்த்த சிரிக்கிற பொம்மைகள் வரிசை கட்டி வந்தன, அவள் பார்த்துக்கொண்டு நின்றாள், ஆச்சரியம், ஒன்று கூடக் குத்தவில்லை. முதுகு நேராகவே இருந்தது. சரியாக இருப்பதும் சரி என்று மற்றவர்கள் சொல்வதும் ஒரே சாமான் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தாள் போலிருக்கிறது. பிறகு ஓசூருக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே ஷம்ஷாத் எடுத்துவிட்டாள்.

"அதாவது, மூணு வாரமாச்சுடி நீ பேசி."

"தெரியும். அன்னைக்கு நீ வெளிய இருந்தியாடி?"

ஓசூரில் குக்கர் விசிலடித்தது. ஷம்ஷாத் அடுப்பை அணைக்கிற சத்தம், கதவைச் சாத்துகிற சத்தம்.

"யாரு சொன்னா?"

"தண்டபாணி அண்ணன். பேரு கேட்டாரு. தெரியாதுன்னுட்டேன்."

"நீயா? தெரியாதுன்னியா?"

"ஆமா. ஏண்டி எங்கிட்ட சொல்லல? பஸ்ஸுல ஒண்ணரை மணி நேரம் பக்கத்துலதான உக்காந்து வந்தே?"

"அந்த அண்ணன் கும்புட்டுக் கேட்டுச்சு, யாருகிட்டயும் சொல்லாதம்மான்னு. அப்புறம்... உங்கிட்ட சொன்னா நீ எழுதிருவே, பிலோ."

எழுதியிருப்பாள். ஏழாவது வரிக்குக் கீழே, நீல மையில், நேரத்தோடு. மறுக்கப் போனவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தாள், அந்தப் பக்கம் ஷம்ஷாத்தும் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் செய்தாள்.

"ஏய், அந்தப் பாட்டு" என்றாள் ஷம்ஷாத். "எப்படி இருந்துச்சு? உள்ள ஏதோ பாடற சத்தம் வந்துச்சு, வார்த்தை ஒண்ணும் கேக்கல. இத்தன வருஷமா உங்கிட்ட கேக்கவும் முடியல."

ஜூஸ் கடையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் கையெழுத்தோடு இரண்டு இரண்டு பேராக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள், ரகோத்தமனும் வந்தார். பிலோமினா கோயிலில் எல்லோரும் பாடும்போதுகூட உதட்டை மட்டும் அசைக்கிறவள், தன் குரல் தகரம் என்று அவளுக்குத் தெரியும். மிக்ஸி நிற்கட்டும் என்று காத்திருந்தாள், நின்றது, போனை வாய்க்குக் கிட்டே பிடித்துக்கொண்டு முதல் வரியை எடுத்தாள், சுருதி ரொம்ப மேலே போய்விட்டது, நிறுத்திக் கீழே இறக்கி மறுபடியும் எடுத்தாள். ரகோத்தமன் நின்றுவிட்டார். கடைக்காரர் டம்ளரைக் கழுவுவதை விட்டுவிட்டுப் பார்த்தார். இரண்டாவது வரி வந்தது, மூன்றாவது வந்தது, நாலாவதில் வார்த்தை வரவில்லை, தா ரா ரா என்று போட்டு நிரப்பிக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். ஓசூரில் ஷம்ஷாத் கேட்டுக்கொண்டிருந்தாள்.